அம்மா பாதியில் விட்ட றேந்தை

கோண்டாவிலிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அம்மா போய் எட்டு மாதம். அந்திரட்டி முடிந்து, சொந்தக்காரர் வந்து போவதும் குறைந்துவிட்டது. பின்னேரங்களில் கை சும்மா இருப்பதைத் தாங்க முடியவில்லை. பின்னல் பழகவும், நூல் நூற்றுப் பார்க்கவும், சாயம் போடவும் ஆசை. ஆனால் வீட்டில் "இந்த வெக்கைக்குள் கம்பளி பின்னி ஆருக்குப் போடப் போகிறாய்?" என்கிறார்கள். இது குளிர் நாட்டுக்காரரின் வேலைதானா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறார். இன்னொன்றும் கேட்கிறார். தலையணை உறைக்கென்று அம்மா தொடங்கிப் பாதியில் விட்ட குரோசே றேந்தை (கொக்கி ஊசியால் பின்னும் லேஸ்) ஒன்று பெட்டிக்குள் கிடக்கிறது. அதைத் தொடலாமா?

தங்கச்சி, றேந்தைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முதல் கை கொஞ்சம் பழக வேண்டும்.

வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. கம்பளி எங்கள் ஊர்ப் பொருள் இல்லை. யாழ்ப்பாணத்துச் செம்மறியின் உடம்பில் இருப்பது வெறும் மயிர். வெட்டி நூற்கிற கம்பளி அதில் வளராது. சித்திரை வெயிலில் கம்பளி நூலை மடியில் வைத்திருந்தால் கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டும். ஆனால் பின்னல் என்றால் கம்பளிதான் என்று ஒரு சட்டமும் இல்லை. பருத்தி நூலில் பின்னுங்கள், வெக்கை ஒரு தடையே ஆகாது. நூலைக் கொழுவி இழுத்து உருவாக்கும் வேலை எங்கள் வீடுகளுக்குப் புதிதும் இல்லை. 'றேந்தை' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. அவர்கள் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். பிறகு மிஷன் பள்ளிகள் வந்தன. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷன் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளி போன்ற இடங்களில் எழுத்தோடு ஊசி வேலையும் படிப்பித்தார்கள். எங்கள் வீட்டுத் தண்ணீர்க் கூசாவுக்கு ஒரு குரோசே மூடி இருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க அதன் ஓரமெல்லாம் கண்ணாடி மணி கோத்திருக்கும். தண்ணீர் வார்க்க எடுக்கும்போது கிலுகிலுவென்று சத்தம் வரும். அப்படி ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இன்னும் பின்னால் போனால் ஓலை. பாய் இழைக்கும் கையைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு விட்டு ஒன்று எடுப்பது, எண்ணிக்கை தப்பினால் வந்த வழியே திரும்பிப் போவது, சிவப்புச் சாயம் போட்ட ஓலையை எந்த வரியில் நுழைப்பது என்று கண்ணை மூடிக்கொண்டே தெரிவது, இவ்வளவும் பின்னலில் இருக்கின்றன. கடகமும் நீத்துப்பெட்டியும் இழைத்த பாட்டியின் பேத்திக்குக் குரோசே ஊசி பிடிக்க இரண்டு நாள் போதும்.

நான் பின்னல் பழகியது 1990களின் தொடக்கத்தில், போர்க்காலம். மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் துளி எண்ணெய் விட்டுச் சின்னத் திரியை எரிக்கும் விளக்குத்தான் எல்லா வீட்டிலும். பின்னல் ஊசிக்கு எங்கே போவது? பெரியம்மா ஒரு பழைய சைக்கிள் சில்லிலிருந்து இரண்டு கம்பியைக் கழற்றினார். வளைந்த தலையை வெட்டி, நுனியை அம்மியில் தேய்த்துத் தேய்த்து மழுக்கினார். சைக்கிள் கம்பி இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு, சன்ன நூலுக்கு அளவான ஊசி. நூல் மாமாவின் பழைய சுவெட்டரிலிருந்து வந்தது. அவர் நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்தில் போட்டது. அவிழ்த்த நூல் இடியப்பம் மாதிரிச் சுருள் சுருளாக நின்றது. பெரியம்மா அதைக் கதிரை முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நனைத்துத் தொங்கவிட்டு, கீழே ஒரு செம்பு தண்ணீரைக் கட்டிவிட்டார். விடியப் பார்த்தால் நூல் நேராக நின்றது.

ஒரு இரவு ஷெல் சத்தம் கிட்டக் கேட்டது. எல்லோரும் பங்கருக்குள் ஓடினோம். பெரியம்மாவும் வந்தார், ஊசி இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. இருட்டுக்குள் அவருடைய விரல் ஊசியிலிருந்த கடைசிக் கண்ணியிலேயே, அந்த நூல் வளையத்திலேயே, இருந்தது. சத்தம் ஓய்ந்து வெளியே வந்ததும் விளக்கைக் கிட்ட இழுத்து, "இருவத்திமூண்டு" என்றார். பிறகு இருபத்திநான்காவது கண்ணியைப் போட்டார். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே எழும்பி நடந்தபோது, நாவற்குழிப் பக்கம் சனத்துக்குள் நசிந்துகொண்டு போன எங்கள் உரப்பையின் மூலையில் அந்த இரண்டு சைக்கிள் கம்பியும் துருத்திக்கொண்டிருந்தன. அவை இன்றும் என்னிடம் இருக்கின்றன.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. துக்கத்தை மறக்கப் பின்னுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெரியம்மா ஒன்றையும் மறக்கவில்லை. எண்ணிக்கொண்டிருக்கும்போது மனம் நிற்க ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். இருபத்திமூன்றுக்குப் பிறகு இருபத்திநான்குதான் வரும். வேறு எதுவும் நிச்சயமில்லாத நாளில் அது பெரிய விஷயம். பிழைத்தால் அவிழ்க்கலாம், அவிழ்த்த நூல் வீணாவதில்லை, அதே நூலில் திரும்பப் போடலாம். வாழ்க்கையில் இப்படி அவிழ்த்துப் போடக் கிடைக்கிற காரியம் அபூர்வம். பிரித்தானியத் தொழிற்சிகிச்சை ஆய்விதழ் ஒன்றில் 2013இல் 3,545 பின்னல்காரரிடம் எடுத்த கணக்கெடுப்பு வந்தது. அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாகவும் சந்தோசமாகவும் இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். பின்னலில் விருப்பம் உள்ளவர்களே பதில் சொன்ன கணக்கெடுப்பு அது, ஆகவே மருந்துச் சீட்டு மாதிரி எடுக்க வேண்டாம். ஆனால் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல் கிழமைக்கணக்கில் போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஊசி அதற்குப் பிறகும் உங்களுக்காக இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

கடையில் 'கம்பளி நூல்', 'ஊல்' என்று விற்பதில் மிகப் பெரும்பங்கு அக்ரிலிக். அது பிளாஸ்டிக் இழை. பழகுவதற்குக் கெட்டதில்லை, மலிவு. ஆனால் கையில் வெக்கை, இங்கே நான் சொல்லப்போகும் இலை, தோல், வேர்ச் சாயங்கள் அதில் பிடிக்காது. இன்ன நூல் என்று அறிய ஒரு வழி இருக்கிறது. ஒரு விரல் நீளம் வெட்டி, குறட்டால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே பற்றவையுங்கள். தலைமயிர் கருகும் மணம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. கடதாசி எரிந்த மணமும் மெல்லிய சாம்பலும் என்றால் பருத்தி. உருகிச் சுருண்டு, காரமான மணத்தோடு கறுத்த கெட்டி மணியாக நின்றால் அக்ரிலிக். கடைக்காரரின் பேச்சை விட இந்த நெருப்பை நம்பலாம்.

முதல் நூலாக வெள்ளைப் பருத்தி நூல் வாங்குங்கள், சற்றுத் தடித்தது. ஊசி நான்கு மில்லிமீற்றர், கிடைத்தால் மூங்கில். வெள்ளை ஏன் என்றால், கண்ணி தெளிவாகத் தெரியும்; பிறகு அதற்கே சாயம் போடலாம். முப்பது கண்ணி போட்டு, ஒவ்வொரு வரியிலும் நிட் (நூலை ஊசிக்குப் பின்னால் விட்டுப் போடும் கண்ணி) மட்டும் பின்னுங்கள். பர்ல் (நூலை முன்னால் விட்டுப் போடுவது) இப்போது வேண்டாம். நிட் மட்டும் போட்ட துண்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரம்பு வரம்பாக வரும், ஓரம் சுருளாது. ஒரு பக்கம் நிட் மறுபக்கம் பர்ல் என்று போட்டால் துணி வழுவழுப்பாக வரும், ஆனால் பாய் போலச் சுருண்டுகொள்ளும். புதியவர்கள் அதைத் தங்கள் பிழை என்று நினைத்துச் சோர்ந்துபோவார்கள். சதுரமாக வந்ததும் முடியுங்கள். அது அடுப்படியில் சட்டி பிடிக்க உதவும்.

பருத்தியில் ஒரு குறை உண்டு. கம்பளி இழுபட்டுத் திரும்பும், பருத்தி திரும்பாது. அந்த இழுவை இல்லாததால் மணிக்கட்டு நோகும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஊசியை வைத்துவிட்டுக் கையை உதறுங்கள், ஒரு தேத்தண்ணி குடியுங்கள். சுவெட்டர் கனவெல்லாம் பிறகு. குழந்தைத் தொப்பி, பை, மேசை விரிப்பு, சாமி அறைத் திரை என்று இந்த ஊருக்கு வேண்டிய சாமான் எத்தனையோ இருக்கின்றன. கனடாவில் மருமகளுக்குப் பிள்ளை கிடைத்தால் அப்போது நல்ல கம்பளி எடுப்பித்துப் பின்னுங்கள். அதற்கும் ஒரு எச்சரிக்கை. எனக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து அருமையான மெரினோக் கம்பளி நூல் வந்தது. பின்னி முடித்த தொப்பியைப் பழக்கதோஷத்தில் சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துவிட்டேன். கம்பளி இழையின் மேலே மீன் செதில் மாதிரிச் செதில் இருக்கிறது. சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொழுவிக்கொள்ளும், பிறகு பிரியாது. பிள்ளைக்குப் பின்னிய தொப்பி ஒரு தேங்காய்ப்பாதிக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிக் கெட்டியானது. மூன்று கிழமை வேலை. அன்று அழுதேன்.

நூற்பது பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் ஏற்கெனவே நூற்றிருக்கிறீர்கள். விளக்கீட்டுக்குத் திரி உருட்டவில்லையா? பஞ்சை மெல்ல இழுத்து, உள்ளங்கைக்கும் தொடைக்கும் நடுவில் வைத்து ஒரே பக்கமாக உருட்டினால் அது முறுக்கேறித் திரியாகிறது. நூற்பதன் முழு இரகசியமும் அதுதான். இழு, முறுக்கு. திரியை நீளமாக இழுத்துக்கொண்டே முறுக்கைப் பின்னால் அனுப்பக் கற்றுக்கொண்டால் நூல்.

கோடிப்புறத்தில் பருத்திச் செடி நின்றால் காய் வெடித்ததும் எடுங்கள். பஞ்சைப் பலகையில் பரப்பி ஒரு இரும்புக் கம்பியை மேலே அழுத்தி உருட்டினால் கொட்டை முன்னால் பிதுங்கி வரும். இலவம் பஞ்சை மட்டும் முயற்சிக்க வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இழை வழுக்கல், கட்டை, முறுக்கில் நிற்காது. அது தலையணைக்கென்றே பிறந்தது. பருத்தி இழையே ஓர் அங்குல அளவுதான். ஆகவே முறுக்கு ஏறாத பஞ்சில் இரண்டு கைக்கும் நடுவிலுள்ள தூரம் அந்த ஓர் அங்குலத்தைத் தாண்டினால் இழை அறும். முறுக்கும் நிறைய வேண்டும். புதியவர்களின் நூல் அறுவது பெரும்பாலும் முறுக்குப் போதாததால்தான்.

இராட்டை வாங்க ஓட வேண்டாம். ஒரு சாண் நீளமான வழுவழுப்பான குச்சி, அடியில் வட்டமாக வெட்டிய சிரட்டைத் துண்டு, நூற்கும் கதிர் தயார். தொங்கவிட்டுச் சுழற்றினால் அதன் பாரத்திலேயே பருத்தி அறும்; ஆகவே நுனியை இன்னொரு சிரட்டைக்குள் ஊன்றிப் பம்பரம் மாதிரிச் சுழற்றுங்கள். காலையில் நூற்றுப் பாருங்கள். சோளகம் வீசும் மாதங்களில் மத்தியானக் காற்று பஞ்சை உலர்த்திவிடும், இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் ஈரமான காற்றில்தான் பருத்தி சொன்னபடி கேட்கும். இரண்டு இழை நூற்ற பிறகு, நூற்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக இரண்டையும் சேர்த்து முறுக்கினால் அது அமைதியாகக் கிடக்கும். ஒற்றை இழையில் பின்னினால் துண்டு கோணலாகப் போகும்.

எங்கள் அம்மப்பாவின் அலுமாரியில் ஒரு பித்தளைத் தக்ளி (கையால் நூற்கும் சின்னக் கதிர்) இருந்தது. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். பிறகு வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ்காரர் அழைத்து, கதர் நிதிக்குக் காசு சேர்த்துக் கொடுத்த பயணம் அது. அந்தக் காலத்தில் கதர் உடுத்த இளைஞர் பலர் இங்கே இருந்தார்கள். அம்மப்பா நூற்றாரா, சும்மா வைத்திருந்தாரா என்று நான் கேட்காமலே விட்டுவிட்டேன். அந்தத் தக்ளியால் நான் பிறகு நூற்ற முதல் நூல், தடிப்பும் மெலிவுமாக, மண்புழு முடிச்சுப் போட்ட மாதிரி இருந்தது. அதை எறியவில்லை. நீங்களும் எறிய வேண்டாம். முதல் நூலின் ஒழுங்கீனம் பிறகு எவ்வளவு முயன்றாலும் திரும்ப வராது.

இனிச் சாயம். எனக்கு இதில்தான் நேரம் போவது தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் மஞ்சளில் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பருத்தி நூல் பத்து நிமிடத்தில் பொன்னாக வந்தது. ஆசையாக முற்றத்து வெயிலில் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் வெயில் பட்ட பக்கம் பழைய கடதாசி நிறம். மிச்சத்தைச் சவர்க்காரத்தில் கழுவினால் சிவந்து திட்டுத் திட்டாகிவிட்டது. மஞ்சள் காரத்தைத் தொட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வது இதனால்தான். ஆகவே மஞ்சள் விளையாடிப் பார்க்க நல்லது, வைத்துக்கொள்ளும் பொருளுக்கு வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது வெங்காயத் தோல். எங்கள் செம்மண்ணின் சின்ன வெங்காயத்தை விட்டால் வேறு எங்கே போவது? சுன்னாகம் சந்தையில் ஒரு வெங்காய வியாபாரியிடம் தோல் கேட்டால் முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார், பிறகு ஒரு பை நிறையத் தருவார். காய்ந்த தோல் எடை இல்லாதது, நூறு கிராம் என்றாலே ஒரு வாளி.

நூறு கிராம் நூலுக்கு இப்படிச் செய்யுங்கள். நூலைக் கதிரை முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் அந்த இடத்தில் சாயம் ஏறாது. சலவைச் சோடா ஒரு மேசைக்கரண்டி போட்ட தண்ணீரில் ஒரு மணித்தியாலம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் சாயத் தேத்தண்ணி நிறத்துக்கு வரும், அது பருத்தியிலிருக்கும் மெழுகும் அழுக்கும். அதை விட்டுச் சாயம் போட்டால் சாயம் மேலால் ஓடிவிடும். நன்றாக அலசிய பிறகு, இருபது கிராம் கடுக்காய்ப் பொடி கரைத்த சூடான தண்ணீரில் ஓர் இரவு. பிழிந்து, இருபது கிராம் படிகாரம் கரைத்த சூடான தண்ணீரில் இன்னோர் இரவு. சீனக்காரம் என்று கேட்டாலும் நாட்டு மருந்துக் கடையில் தருவார்கள், கடுக்காயும் அங்கேயே. கம்பளி படிகாரத்தைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். பருத்திக்கு அந்தப் பிடிப்பு இல்லை, நடுவில் கடுக்காயின் துவர்ப்பு வேண்டும். இந்த இரண்டு இரவையும் சுருக்கப் பார்க்க வேண்டாம்.

மூன்றாம் நாள் தோலை ஒரு மணித்தியாலம் அவித்து வடித்து, நனைந்த நூலை அதில் போட்டு, கொதிக்காமல் சூடாக ஒரு மணித்தியாலம் வைத்து, அப்படியே ஆறவிடுங்கள். சமைக்கிற பாத்திரம் வேண்டாம். இதற்கென்று ஒரு பழைய எவர்சில்வர்ப் பானை ஒதுக்குங்கள். எடுத்து அலசி நிழலில் காயவிட்டால், தேன் நிறத்துக்கும் செங்காவிக்கும் இடையில் ஒரு நிறம் வரும், எங்கள் பக்கத்துத் தோட்ட மண் காலை வெயிலில் இருப்பது மாதிரி. அதில் பாதியைப் பிரித்தெடுத்து இரும்புத் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கினால் பாசி நிறமாக இருளும். இரும்புத் தண்ணீர் செய்வது சுலபம். துருப்பிடித்த ஆணிகளோடு பனங்கட்டியையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று கிழமை மூடிவைக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் துணிமேல் ஓவியம் எழுதும் கலம்காரிக்காரர் கறுப்புக்குச் செய்வதும் இதே முறைதான். எங்களுக்குப் பனங்கட்டிக்கா பஞ்சம்? கூடுதலாக ஊறவைக்க வேண்டாம், இரும்பு நூலை அரித்துவிடும்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிய கிணற்றுத் தண்ணீர் அது. கம்பளி கழுவ அது உதவாது, சவர்க்காரம் நுரைக்காமல் திரைந்து நூலில் ஒட்டும். மாரி மழையில் பிடித்த தண்ணீர் வேண்டும். ஆனால் சிவப்புச் சாயத்துக்கு அதே சுண்ணாம்புதான் உயிர். வேர்களிலிருந்து வரும் சிவப்பு, படிகாரமும் சுண்ணாம்பும் இரண்டும் சேர்ந்தால்தான் அழுத்தமாக நூலில் நிற்கும். இந்த மண்ணில் சாயவேர் பேர்பெற்றிருந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேத்தில் படிவும் ஞாபகம் வரும்.

சாயவேர் என்பது இம்பூறல் செடியின் வேர். மணற்பாங்கான கரைகளில் தானாக வளரும் சின்னப் பூண்டு, மெல்லிய நீண்ட வேர். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் தீவுகளிலும் மன்னாரிலும் அதைத் தோண்டி எடுப்பதும் விற்பதும் ஒல்லாந்த வணிகக் கும்பினியின் ஏகபோகமாக இருந்தது. தோண்டிக் கொடுப்பது சில சமூகங்களின் மேல் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. அவர்கள் வெயிலில் குனிந்து நின்று குத்தியெடுத்த வேர் கடல் கடந்து போய்ச் சோழமண்டலத் துணிகளைச் சிவப்பாக்கியது. 1868இல் ஜெர்மனியில் அலிசரின் என்ற அதே சிவப்பை ஆய்வுகூடத்தில் உருவாக்கினார்கள். அதன் பிறகு உலகத்தில் வேருக்கு விலை போய்விட்டது. இன்று வெளியே போய்ச் செடியைப் பிடுங்க வேண்டாம் தங்கச்சி. ஒரு பிடி நூலுக்கு எத்தனையோ செடி போகும். விதை கிடைத்தால் சாடியில் மணல் போட்டு வளர்த்துப் பாருங்கள், வேர் முற்ற இரண்டு வருடமாவது பொறுக்க வேண்டும். அதுவரை நாட்டு மருந்துக் கடை மஞ்சிட்டி வேர் போதும். கடுக்காய், படிகாரம் எல்லாம் மேலே சொன்னபடிதான். வேரை மட்டும் கொதிக்கவிடக் கூடாது, கொதித்தால் சிவப்பு மங்கிக் கபிலமாகக்கூடும். விரல் பொறுக்காத சூடு, அதற்கு மேலே வேண்டாம்.

அவுரி நீலம் வேறு வித்தை. புளிக்கவைத்த தொட்டியிலிருந்து நூல் பச்சை கலந்த மஞ்சள் நிறமாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாகும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், நீங்கள் முதலில் வெங்காயத்தை முடியுங்கள்.

இனி அம்மாவின் றேந்தை.

தொடலாம். தொடவேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் எடுத்த உடனே பின்னத் தொடங்க வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை, கடைசிக் கண்ணிக்குள் ஒரு சேப்டி பின் கொழுவுவது. குரோசேயில் ஒரே ஒரு கண்ணிதான் திறந்திருக்கும். ஊசி கழன்று நூல் இழுபட்டால் அம்மா கடைசியாகப் போட்ட வரி கையோடு வந்துவிடும். சேப்டி பின்னைக் கொழுவிய பிறகு எத்தனை தரம் வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். அம்மாவின் ஊசி பெட்டிக்குள் இருந்தால் அதையே பாவியுங்கள். இல்லையென்றால் கடையில் சன்னமான ஊசி நாலைந்து பார்த்து, எது அந்தக் கண்ணிக்குள் தளர்வும் இறுக்கமும் இல்லாமல் போகிறதோ அதை எடுங்கள். நூலுக்கு இலக்கம் உண்டு; இலக்கம் கூடக் கூட நூல் சன்னம். இருபது, நாற்பது, அறுபது என்று மூன்றிலும் ஒரு துண்டை வைத்துப் பார்த்தால் எது அம்மாவின் நூல் என்று விரலுக்கே தெரியும்.

பிறகு அந்த றேந்தையின் ஒரு பூவை மட்டும் புது நூலில் தனியாகப் போட்டுப் பாருங்கள். கண்ணிகளை எண்ணுங்கள், எங்கே சங்கிலி, எங்கே தூண் (நிமிர்ந்து நிற்கும் உயரமான கண்ணி) என்று கடதாசியில் எழுதுங்கள். அம்மா எவ்வளவு இறுக்கிப் போடுகிறவர் என்பது அப்போதுதான் தெரியவரும். உங்கள் கை வேறு, பூ கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ வரும். பத்துத் தடவை போட்டால் கிட்ட வரும். முழுக்க ஒன்றாக வராது, அப்படி வரத் தேவையும் இல்லை. அவருடைய வரி எங்கே முடிந்தது, உங்களுடையது எங்கே தொடங்கியது என்று உங்கள் பிள்ளை ஒரு நாள் விரலால் தடவிக் கண்டுபிடிக்கும்.

நிறம் மட்டும் ஒரு கரைச்சல். பெட்டிக்குள் கிடந்த நூல் பழுத்து வெண்ணெய் நிறமாகியிருக்கும், புது நூல் பளீரென்று வெள்ளையாக நிற்கும். அம்மாவின் றேந்தையை வெளுக்கப் போக வேண்டாம். புது நூலில் ஒரு முழம் வெட்டி, பால் விடாத மெல்லிய தேத்தண்ணியில் ஐந்து நிமிடம் போட்டு அலசி, நிழலில் காயவையுங்கள். ஈரத்தில் கடும் நிறமாகத் தெரியும், காய்ந்ததும் இளகும். காய்ந்த பிறகுதான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இருளாக இருந்தால் இன்னொரு முழம் வெட்டி இரண்டு நிமிடம். சரியாக வந்த அளவைக் குறித்து வைத்துக்கொண்டு மிச்ச நூல் முழுவதையும் ஒரே தடவையில் போடுங்கள். இரண்டாம் தடவை ஊற்றும் தேத்தண்ணி முதல் தடவை மாதிரி இருக்காது.